பாரிஸுக்கு அடுத்தது எங்கே

பாரிஸிலிருந்து திரும்பி வந்த கிழமையே, என்னை அடுத்ததாக எந்த நாட்டுக்கு அனுப்புவது என்று ஊர் முடிவு செய்யத் தொடங்கிவிட்டது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் வாய் திறந்திருப்பேனா என்பது சந்தேகம்தான். நாலு பேர் கூடுகிற இடத்தில் பின்னால் நிற்கிற ஆள் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு கடல்தான். என்னைப் பற்றி என் முன்னாலேயே மற்றவர்கள் பேசுவது எனக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் அந்தக் கிழமை எனக்கு வந்த கோபம் பழகிய கோபம் இல்லை.

தேத்தண்ணிக் கடையில்தான் தொடங்கியது.

"பாரிஸுக்கு அடுத்தது லண்டன்தான். எல்லாரும் அப்படித்தான் போறது" என்றார் கடைக்காரர்.

"லண்டன்ல என்ன இருக்கு? சுவிஸுக்குப் போகட்டும். பனி பாக்கணும் மனுசன்" என்றார் முடி வெட்டுகிறவர்.

"ரெண்டும் வேணாம். முதல்ல மக்காவுக்கு, உம்றாவுக்கு. பாரிஸுக்குப் போன பாவம் கழுவுப்படட்டும்" என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

உம்றாவைப் பற்றி நான் குறை சொல்ல முடியாது. போகவேண்டும் என்ற நிய்யத் எனக்கும் இருக்கிறது. ஆனால் அவர் சொன்ன விதம் நிய்யத்தை நினைத்துச் சொன்ன விதம் இல்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்தேன். முதுகுக்குப் பின்னால் முடி வெட்டுகிறவரின் குரல் வந்தது.

"எங்க போனாலும் சப்பாத்த மட்டும் கழட்டாதீங்க நானா!"

அந்தச் சப்பாத்துக் கதையைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

எங்கள் கரையில் செருப்போடு யாரும் படகில் கால் வைப்பதில்லை. சோறு போடுகிற இடம் அது. மணலிலேயே செருப்பை விட்டு, காலைத் தண்ணீரில் அலசி, பிஸ்மி சொல்லித்தான் ஏறுவோம். பாரிஸில் இருக்கிற என் தங்கச்சியின் குடும்பத்தோடு ஆற்றில் ஓடும் பெரிய படகில் ஏறப் போனோம். வரிசையில் நின்று என் முறை வந்தபோது, நான் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வலது காலை வைத்தேன். யோசித்துச் செய்யவில்லை. கால் தானாகச் செய்தது. எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெரிய மனிதர், அதுதான் அங்கத்தைய ஒழுங்கு என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் நின்று சப்பாத்து நூலை அவிழ்க்கத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. தங்கச்சியின் மகள் இதையெல்லாம் போனில் பிடித்தாள். அவள் கெட்ட பிள்ளை இல்லை. குடும்பத்துக்கு மட்டும் என்றுதான் அனுப்பினாள். நான் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குவதற்கு முன்பே எங்கள் கற்பிட்டியிலிருந்து மாம்புரி வரைக்கும் எல்லார் போனிலும் அது இருந்தது.

சிரித்தவர்கள் யார்? எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். தினமும் மணலில் செருப்பை விட்டு ஏறுகிறவர்கள். அதுதான் எனக்கு ஆத்திரம். பாரிஸ்காரர் சிரிக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றப் பார்த்தார்.

அந்தப் படகில் நான் பார்த்த வேறொன்றை ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. கரையில் கயிறு கட்டியது ஒரு பெண். மழைச் சட்டை போட்டு, கையுறை மாட்டி, கயிற்றை ஒரே சுழற்றில் கட்டினாள். நல்ல முடிச்சு. எங்கள் ஆட்கள் கட்டுவது போலவே இருந்தது. அந்தப் பிரயாணத்தில் கோபுரம், கண்ணாடி மாளிகை எல்லாம் பார்த்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் முதலில் சொன்னது அந்தக் கயிற்றைத்தான்.

அவள் பாரிஸுக்கு வரவில்லை. வரவிடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

தங்கச்சியின் மூத்த மகளுக்கு நிக்காஹ் என்று எங்கள் இரண்டு பேரையும்தான் கூப்பிட்டாள். விசா எடுத்துக் கொடுக்கிற ஏஜண்ட் ஒருவரிடம் போனோம். அவர் என் மனைவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ரெண்டு பேரையும் போட்டா ரெண்டும் ரிஜெக்ட். இவங்க இங்க இருக்கட்டும். பொஞ்சாதி ஊர்ல இருந்தாத்தான் நீங்க திரும்பி வருவீங்க எண்டு அவங்க நம்புவாங்க."

"அப்ப நான் அடகா?" என்று அவள் கேட்டாள்.

ஏஜண்ட் சிரித்தார். நல்ல பகிடி என்று நினைத்தார். அவள் பகிடியாகக் கேட்கவில்லை.

அடகு வைத்துவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்து, ஒரு சின்ன இரும்புக் கோபுரத்தை அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை அலுமாரிச் சாவியில் கோர்த்து மாட்டினாள். ஒரு குறையும் சொல்லவில்லை. ஊரெல்லாம் லண்டன், சுவிஸ் என்று பேசுவது அவள் காதுக்கும் வந்துகொண்டிருந்தது. ஒரு பின்னேரம் நான் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அடுத்தது எங்க எண்டு எல்லாரும் கதைக்கிறாங்க. நான் ஒண்டு சொல்லட்டா?"

"சொல்லு."

"என்னக் கடலுக்குக் கூட்டிட்டுப் போங்க. டொல்பின் காட்டுங்க."

சண்டை முடிந்த பிறகுதான் எங்கள் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று ஓய்ந்து கடல் படிந்ததும் அவர்களை வெளிக்கடலுக்கு ஏற்றிப்போய் டொல்பின் காட்டுவோம். எங்கள் ஆட்கள் அதை ஓங்கல் என்பார்கள். அந்த மாதங்களில் மீனைவிட இதுதான் எனக்கு வேலை. படகு என்னுடையது இல்லை. ஊரில் ஹாஜியார் என்று எல்லாரும் அழைக்கும் முதலாளியுடையது. வெள்ளைக்காரர் வராத நாளில் அதே படகில் வலையும் போகும். எத்தனையோ நாட்டுப் பெண்களுக்கு நான் ஓங்கல் காட்டியிருக்கிறேன். என் மனைவி அந்தப் படகுக்குள் கால் வைத்ததே இல்லை. எங்கள் பெண்கள் தொழில் படகில் ஏறுவதில்லை. ஏறினால் பறக்கத் என்கிற இறையருள் போய்விடும், வலை வெறுமையாக வரும் என்பது கரையில் எல்லாரும் சொல்கிற கதை.

"கடலத்தான் தினமும் கரையில நிண்டு பாக்கிறாய்தானே" என்றேன்.

"கரையில நிண்டா தண்ணிதான் தெரியும்."

பிறகு அவள் சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நாங்கள் இருவருமே தொண்ணூறில், வடக்கில் இருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் இயக்கக்காரர் வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து துரத்தப்பட்ட பிள்ளைகள். ஆனால் எங்கள் குடும்பம் தரையால் வந்தது. அவளுடைய குடும்பம் கடலால் வந்தது. ஒரு மீன் படகில், பெண்களையும் பிள்ளைகளையும் நெருக்கி உட்காரவைத்து, மேலே ஒரு படங்கை இழுத்து மூடினார்களாம். 'தலையத் தூக்காத புள்ள' என்று அவளுடைய உம்மா தலையை அமுக்கிப் பிடித்திருந்தாவாம். கற்பிட்டிக் கரை வரைக்கும் அவள் பார்த்தது மற்றவர்களுடைய கால்களைத்தான். ஈரப் படங்கின் நாற்றமும் மண்ணெண்ணெய் நாற்றமும்தான் அவளுக்கு அந்தக் கடல்.

"சண்டை முடிஞ்சதும் பஸ்ஸில மன்னாருக்குப் போய் வந்தோம்தானே" என்றேன்.

"பஸ்ஸில போனா ரோட்டுத்தான். நான் இந்தக் கடலால வந்தவ. இந்தக் கடல நான் பாக்கல்ல. நீங்க பாரிஸுக்குப் போய் ஆத்தப் பாத்துட்டு வந்தீங்க. எனக்கு இது போதும்."

மறுநாள் ஹாஜியாரின் வாடிக்குப் போனேன். வலையும் எஞ்சினும் வைக்கிற கொட்டில் அது. அவர் கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணியில் பாண் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். என்ன சொல்வது என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன்.

"ஹாஜியார், ஒரு நாளைக்கு போட் வேணும். எண்ணெய் நான் போடுறேன்."

"யாரு வாறா?"

"என்ட வூட்டுக்காரி. டொல்பின் காட்டப் போறேன்."

முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் பாணைக் கீழே வைத்தார்.

"என்னடா கதை இது? எங்கட பொம்புளையள் தொழில் போட்ல ஏறுறதா? பறக்கத் போயிடும்."

"நேத்தும் வெள்ளைக்கார நோனாமார் ஏறினாங்களே ஹாஜியார்."

"அவங்க வேற. அவங்க எங்கட ஆக்களா? பாரிஸுக்குப் போய் வந்து உனக்கு வாய் நீண்டுட்டு. போ, போய் எஞ்சினப் பாரு."

எஞ்சினைப் பார்க்கப் போனேன். நேற்று வந்த நோனாமார் படகின் முன்பக்கம் அணியத்தில் படுத்து முடியைக் காயவைத்தார்கள். ஒருத்தி போத்தலில் பியர் குடித்தாள். எல்லாரும் மணல் ஒட்டிய சப்பாத்தோடு ஏறினார்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஹாஜியார் தாமே தண்ணீரில் இறங்கி 'வெல்கம், வெல்கம்' என்று நின்றார். இன்று விடிய அதே படகில் வலை போய் நிறைய மீன் வந்தது. பறக்கத் எங்கே போனது? பியருக்குப் போகாத பறக்கத், ஐந்து நேரம் தொழுகிறவள் ஏறினால் போய்விடுமா? நோனாமார்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர்கள் காசு கொடுத்து வருகிறார்கள், சந்தோஷமாகப் போகிறார்கள். அவர்களுக்குக் கடல் திறந்திருக்கிறது, அந்தக் கடலால் உயிர் தப்பி வந்தவளுக்கு மூடியிருக்கிறது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே கறி தாளித்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை தங்கச்சி பாரிஸிலிருந்து போன் எடுத்தாள். படம் தெரிகிற போன். ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"நானா, வாற வருசம் நாங்க ரோமுக்குப் போறம். நீங்களும் வாங்க. டிக்கட் நாங்க போடுறம்."

"உன்ட மதினி?"

"மதினிக்கு..." என்று இழுத்தாள். "அந்த ஏஜண்ட் சொன்னதுதானே நானா. அவ அங்க இருந்தாத்தான் உங்களுக்குச் சுகமாக் கிடைக்கும்."

என் மனைவி சோற்றுக் கையோடு எட்டி, இடது கையால் போனை வாங்கினாள்.

"புள்ள, ரோம் எங்கேயும் போகாது. உங்கட நானாவுக்கு எண்டு வச்ச காசில எனக்கொரு டிக்கட் போடுங்க."

"எங்கேக்கு மதினி?"

"கற்பிட்டிக்கு."

தங்கச்சி பெரிதாகச் சிரித்தாள். பிறகு கதையைக் கேட்டாள். படங்கு, உம்மா, ஹாஜியார் எல்லாவற்றையும் மனைவி சொன்னாள். தங்கச்சியின் முகத்தில் சிரிப்பு இல்லை. தரையால் நடந்து வந்தபோது அவள் என் தோளில் இருந்த பிள்ளை.

"எந்த ஹோட்டல்ல இருந்து ஹாஜியாருக்கு ஆள் அனுப்புறது?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு கிழமை கழித்து ஹாஜியார் என்னை வாடிக்குக் கூப்பிட்டார்.

"நாளைக்கு விடிய பாரிஸ்ல இருந்து ரெண்டு பேர். தனி போட் கேட்டிருக்காங்க. முழுக்காசும் வந்துட்டாம். நீதானே பாரிஸைக் கண்டவன், நீயே கொண்டு போ. மரியாதையா நடந்துக்கோ."

"ஓம் ஹாஜியார்" என்றேன்.

விடிய சுபஹு தொழுதுவிட்டுக் கரைக்கு வந்தோம். அவள் அபாயாவோடு, ஒரு கையில் ரொட்டிப் பொதியும் மற்றக் கையில் பிளாஸ்க்கும் கொண்டு வந்தாள். ஹாஜியார் தோய்த்த சட்டை போட்டு நின்றார். படகு கழுவியிருந்தது. இரண்டு மெத்தைகள் போட்டு, தெம்பிலி இளநீர் வெட்டி வைத்திருந்தது. ஹோட்டல் ஆள் ஒருவரும் நின்றார். பக்கத்துப் படகுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் வலை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஹாஜியார் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"எங்கடா அவங்க?"

அவள்தான் சொன்னாள்.

"வந்துட்டோம் ஹாஜியார்."

"பாரிஸ்ல இருந்து எண்டு..."

"காசு பாரிஸ்ல இருந்து. ஆக்கள் இங்கேருந்து."

பக்கத்துப் படகில் ஒருவர் இருமினார். சிரிப்பை அடக்குகிற இருமல். ஹாஜியார் ஹோட்டல் ஆளைப் பார்த்தார். ஹோட்டல் ஆளுக்குச் சிங்களம்தான். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஹரித, ஹாஜியார்?" என்று, எல்லாம் சரியா எனக் கேட்டு, பேரையும் காசையும் போனில் சரிபார்த்துத் தலையை ஆட்டினார். இந்தப் பெண்ணை ஏற்ற மாட்டேன் என்று அவரிடம் சொல்ல ஹாஜியாருக்கு வழியில்லை. சொன்னால் நாளைக்கு ஆள் வராது.

"இது சரியில்ல மகள்" என்றார், குரலைத் தாழ்த்தி. "இது தொழில் போட்."

"தொண்ணூறில எங்களக் கொண்டு வந்ததும் தொழில் போட்தான் ஹாஜியார். என்ட உம்மாவும் ஏறினா, பிள்ளைத்தாச்சியளும் ஏறினாங்க. அண்டைக்கு ஒருத்தரும் பறக்கத் போயிடும் எண்டு சொல்லல்ல."

"அது வேற. அது உயிருக்கு."

"ஓம். அப்ப கண்ண மூடிக்கொண்டு வந்தேன். இண்டைக்கு ஒருக்காத் திறந்து பாத்துட்டு வாறேன்."

ஹாஜியார் படகுக்குள் குனிந்து, போட்டிருந்த இரண்டு மெத்தைகளையும் தூக்கிக் கக்கத்தில் வைத்தார். "இது கெஸ்ட்டுக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டு வாடிப் பக்கம் நடந்தார்.

ஏஜண்ட் என்னிடம் மட்டும் பேசியதை நான் பொறுத்தேன். சப்பாத்துக் கதைக்கு ஊர் சிரித்ததைப் பொறுத்தேன். அந்த மெத்தைகளை ஏன் பொறுக்க முடியவில்லை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"அத வைங்க ஹாஜியார்!"

என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. பக்கத்துப் படகுக்காரர்கள் வலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"அதுக்கும் சேத்துத்தான் காசு வந்திருக்கு. வைங்க."

ஹாஜியார் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வந்து மெத்தைகளைப் படகுக்குள் போட்டார். வைக்கவில்லை, போட்டார். அவள் மணலில் செருப்பைக் கழற்றி வைத்தாள். காலைத் தண்ணீரில் அலசி, பிஸ்மி சொல்லி ஏறினாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஹோட்டல் ஆள் அதைப் பார்த்துவிட்டுத் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

கரைக்கு எதிரே இருக்கும் பவளக் கல்லைத் தாண்டி வெளிக்கடலுக்கு வந்ததும் அலை நீளமானது. அவள் மெத்தையில் உட்காரவில்லை. நடுப்பலகையில் நிமிர்ந்து இருந்தாள். சூரியன் கரைப் பக்கம் தென்னைகளுக்கு மேல் வந்தபோது ஓங்கல்கள் வந்தன. முதலில் இரண்டு, பிறகு கடல் கொதிப்பது போலக் கூட்டம். வெள்ளைக்காரர்கள் இந்த இடத்தில் கத்துவார்கள். அவள் கத்தவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். சுபஹானல்லாஹ் என்றாள். பிறகு அவற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி இருந்தாள்.

"மன்னார் எந்தப் பக்கம்?"

நாடியால் வடக்கைக் காட்டினேன். நான் எஞ்சினை நிறுத்தினேன். படகு ஆடியது. அவள் கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்னால் ஓங்கல்கள் துள்ளி விழுகிற சத்தம்.

"ஒண்டும் தெரியல்லையே."

"இங்கேருந்து தெரியாது. தூரம்."

"அப்ப அண்டைக்குத் தலையத் தூக்கியிருந்தாலும் தண்ணிதான்."

"ஓம்."

"இவ்வளவு காலமும் உம்மா என்னமோ ஒண்டைப் பாக்க விடல்ல எண்டு நினைச்சிட்டிருந்தேன்" என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அடுத்த நிமிடம் படகின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து வாந்தி எடுக்கத் தொடங்கிவிட்டாள். கரை வரும் வரைக்கும் எடுத்தாள். ரொட்டிப் பொதி அவிழ்க்கப்படவே இல்லை.

கரையில் அவளை ஒரு தென்னைக்குக் கீழே உட்காரவைத்தேன். தலையை முழங்காலில் வைத்திருந்தாள். நான் படகை இழுக்கத் திரும்பியபோது ஹாஜியார் நின்றார். கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல்.

"இந்தா. பள்ளி லெப்பைட்ட ஓதி வாங்கின தண்ணி. அணியத்துல இருந்து பின்னணியம் வரைக்கும் தெளி. பிறகு வலைக்கும் தெளி."

போத்தலை வாங்கினேன். படகைப் பார்த்தேன். அந்தப் படகில் இத்தனை வருடமாக எத்தனை பேர் ஏறி இறங்கினார்கள். ஒரு நாளாவது இந்தப் போத்தல் வந்ததா? என் மனைவி இருந்துவிட்டு எழும்பிய பலகைக்குத்தான் ஓத வேண்டுமா? அவள் ஏறும்போது கழுவிவிட்டு வைத்த காலுக்கா?

காலையில் பேசியதே என் பங்குக்கு அதிகம். படகைத் தாண்டி நடந்தேன். தென்னைக்குக் கீழே போய் மூடியைத் திறந்து அவளிடம் நீட்டினேன்.

"ஓதின தண்ணி. குடி. தலை சுத்து நிக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் நின்ற ஹாஜியாரைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிஸ்மி சொல்லி, மூன்று மிடறாகக் குடித்தாள். கொஞ்சம் இளைப்பாறி மீதியையும் குடித்தாள். ஒரு சொட்டு இல்லாமல் கவிழ்த்துக் காட்டிவிட்டு, போத்தலை என்னிடம் தந்து, முக்காட்டு ஓரத்தால் வாயைத் துடைத்தாள்.

"அடுத்த முறை வாந்திக் குளிசை ஒண்டு போட்டுட்டுத்தான் ஏறணும்" என்றாள்.

ஹாஜியாருக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னாள்.